பரங்கிமலையில் சங்கிலி பிடித்த துரை

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால், மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதைப் பார்க்கலாம். இன்னும் இரண்டு நிலையம் போனால் பரங்கிமலை.

மீனம்பாக்கத்திலிருந்து மங்களூருக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். நேர்கோட்டில் ஏறக்குறைய 360 மைல். அதாவது 580 கிலோ மீட்டர். இந்தத் தூரத்தை முதலில் சரியாகக் கணக்கிட்டவர் விமானத்தைக் கண்டதே இல்லை. அவர் காலத்தில் இந்தியாவில் ரெயில்கூடக் கிடையாது!

அவர்தான் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். 1781-ல் யுத்தக் கைதியானார். பிறகு சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண் கெட்டுப்போயிற்று.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை. ஓர் இரவு ஆங்கிலப் படை திசை தவறி, திப்பு சுல்தானின் சேனை இருக்கும் பக்கமாகவே நடந்தது. லாம்டன் நட்சத்திரங்களைப் பார்த்தார். தவறான திசையில் போகிறோம் என்று எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகே படை திரும்பியது.

ஆறு வாரம், ஏழரை மைல்

1802 ஏப்ரல் 10. கத்திரி வெயில் நெருங்கும் நேரம். பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை லாம்டன் சங்கிலி பிடித்தார். 100 அடி எஃகுச் சங்கிலி. சூட்டில் எஃகு நீளுமல்லவா? அதனால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்தார். 400 தடவை சங்கிலியை நகர்த்தி, மே 22-ல் முடித்தார். ஏழரை மைலுக்கு ஆறு வாரம்! இன்று பஸ்ஸில் ஏறினால் அரை மணியோ, முக்கால் மணியோ.

ஏன் இத்தனை பாடு? ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் போதும். மற்ற பக்கங்களைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்த முதல் பக்கத்தில் ஓர் அடி பிசகினால், போகப் போகப் பிசகு வளரும்.

கோணம் அளக்கும் கருவி அரை டன் கனம். கப்பலில் வரும்போதே அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். பிறகு அவர்களே பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார்கள்.

மலைக்கு மலை முக்கோணம் போட்டு மங்களூர்வரை போனார். பழைய படங்களில் 400 மைல். லாம்டன் கணக்கில் 360. நாற்பது மைல் நாடு காணாமல் போய்விட்டது!

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். வேலையாட்களைத் தவிர யாரையும் உள்ளே விடாமல், நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். மறு வருஷம் கன்னியாகுமரிப் பக்கம் எட்டினார். பிறகு வடக்கே திரும்பினார்.

வயது எழுபதை நெருங்கியும் ஓயவில்லை. நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823 ஜனவரி 20-ந் தேதி காலமானார். மீதிக் கோட்டை இமயமலை அடிவாரம்வரை கொண்டுபோனவர், அவருடைய உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்.