பனியன் வட்டத்தைச் சுழற்றியவர்

சேலத்து வெண்பட்டு வேட்டியும் ராசிபுரத்துப் பட்டுச் சேலையும் எப்படி உருவாகின்றன என்பதை நம் பக்கத்துச் சிறுவனும் சொல்லிவிடுவான். நெடுக்கே பாவு, குறுக்கே ஊடை. ஆனால் சட்டைக்குள் அணியும் பனியனைச் சற்றே பிரித்துப் பாருங்கள். பாவும் இல்லை, ஊடையும் இல்லை. கண்ணி கண்ணியாகக் கோத்த நூல்தான் இருக்கும். பல பனியன்களுக்குப் பக்கத் தையலும் கிடையாது. துணி குழாயாகவே பிறந்துவிடுகிறது!

கைவேலையில் இந்த வட்டப் பின்னல் மிகப் பழையது. குளிர் நாட்டுப் பெண்கள் நாலைந்து ஊசிகளை வளையமாகப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பின்னிக் காலுறை செய்தார்கள். துணியின் முகப்பு எப்போதும் தம்மைப் பார்த்தே இருந்ததால் இரு நிற நூல்களில் பூவேலை செய்வதும் சுலபமாயிற்று. வேண்டிய நிறத்தை முன்னே கண்ணியாக்கி, மற்றதைப் பின்புறம் ஓடவிடுவார்கள். அந்த நூலை இறுக்கினால் துணி சுருங்கும். தளர்த்தினால் விரலில் மாட்டும். ஷெட்லாந்து தீவுகளில் இக்கலை இன்றும் பெயர் பெற்றது.

1589-ல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் பின்னல் யந்திரம் கண்டார். அது தட்டையாகத்தான் பின்னும். ஓரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஊசிகளை வட்டத்தில் நிறுத்திப் பின்னும் யந்திரத்துக்கு 1816-ல் காப்புரிமை பெற்றவர் மார்க் இசம்பார்ட் புரூனெல்.

புரூனெல் 1769-ல் பிரான்சில், நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். மகன் பாதிரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ கணக்கிலும் படம் வரைவதிலும் மோகம். கப்பற்படையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது மன்னர் பக்கம் பேசியதால் உயிருக்கு ஆபத்து வந்தது. 1793-ல் அமெரிக்காவுக்குத் தப்பினார். அவர் மனம் கவர்ந்த சோபியா கிங்டம் என்ற ஆங்கிலப் பெண் பிரான்சிலேயே சிறைப்பட்டாள். இருவரும் 1799-ல் இங்கிலாந்தில் மணம் புரிந்தார்கள்.

போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் பாய்மரக் கயிறுகளுக்கான கப்பிகளைச் செய்ய அவர் யந்திர வரிசை அமைத்தார். கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் செய்து முடித்தார்கள். அந்த 100 பேரின் கதி என்ன என்று, தறியையும் விசைத்தறியையும் ஒருங்கே கண்ட நம் நெசவாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அடுத்து, போரில் ஊனமுற்ற சிப்பாய்களைக் கொண்டே படைக்குப் பூட்ஸ் செய்யும் யந்திரசாலையை நடத்தினார். 1815-ல் யுத்தம் முடிந்தது, சர்க்கார் கொள்முதலை நிறுத்தியது, பூட்ஸ்கள் தேங்கின. அதற்கு முந்திய ஆண்டே அவருடைய மர அறுவை ஆலை தீயில் வெந்திருந்தது. இத்தனை நஷ்டத்துக்கு நடுவில் பிறந்ததுதான் வட்டப் பின்னல் யந்திரம். அதுவும் அவரைக் கரையேற்றவில்லை. 1821-ல் கடனுக்காகச் சிறை புகுந்தார். சோபியாவும் கூடவே சென்று அங்கே தங்கினாள். ரஷ்யச் சக்கரவர்த்தியிடம் அவர் போய்விடுவாரோ என்ற அச்சம் எழவே, சர்க்கார் 5,000 பவுன் தந்து மீட்டது.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1825-ல் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப் பாதை வெட்டத் தொடங்கினார். பலமுறை வெள்ளம் புகுந்து உயிர்களைக் குடித்தது. பணமின்றி வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. ஆயினும் 1843-ல் பாதை திறந்தது. அதில் இன்றும் ரயில் ஓடுகிறது. 1849-ல் புரூனெல் காலமானார்.

வட்டப் பின்னல் பரவலான தொழிலானது பின்னாளில்தான்; அதைத் திருத்தி லாபம் கண்டவர்கள் வேறு ஆட்கள். இன்று திருப்பூரில் இரவு பகலாகச் சுழலும் யந்திரங்களில் நம் ஜில்லாப் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். விதைத்தவன் வீட்டில் அறுவடை நடக்கவில்லை. என்றாலும் விளைச்சல் பொய்த்துவிடவில்லை.