பட்டம் இல்லாத இன்ஜினியரும் வெடிச்ச முட்டையும்

போன செமஸ்டர்ல எங்க ரூம்ல ஒரு முட்டை வெடிச்சது. ஹாஸ்டல் இல்ல, நாலு பேர் சேர்ந்து புதுக்கோட்டையில வாடகைக்கு எடுத்திருக்கிற மாடி ரூம். கீழ் வீட்டு அக்கா புதுசு வாங்கினதும் பழைய மைக்ரோவேவை எங்களுக்குக் கொடுத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பரோட்டாவோட வந்த சால்னா மிச்சம் இருந்தது, காலையில அவிச்ச முட்டை நாலு இருந்தது. நம்ம ஊர்க்காரனுக்கு வேற என்ன வேணும்? முட்டை மாஸ் பண்ணிடலாம்னு இறங்கினோம். முட்டையை முழுசா உள்ள வச்சு சூடு பண்ணினதுதான் தப்பு. வெளியே எடுத்து ஸ்பூனால தொட்ட நேரம், டப்! மஞ்சக்கரு சுவர் பூரா. யார் மூஞ்சியிலும் படலை, அது எங்க அதிர்ஷ்டம்.

சுவரைத் துடைச்சுக்கிட்டே போன்ல தேடினப்பதான் தெரிஞ்சது, கிட்டத்தட்ட எண்பது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒரு இன்ஜினியர் மூஞ்சியிலேயே இப்படி ஒரு முட்டை வெடிச்சிருக்கு. அந்த முட்டையை சூடு பண்ணினவர் பெர்சி ஸ்பென்சர். மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டுபிடிச்சவர். ஈசிஈ பசங்க மைக்ரோவேவ் இன்ஜினியரிங் பேப்பர்ல மேக்னெட்ரான் படம் வரைஞ்சு பழகியிருப்பீங்க. எனக்கு அதுல அரியர். படத்தைப் பத்து தடவை வரைஞ்சிருக்கேன், அந்த ஆளைப் பத்தி ஒரு வரி தெரியாது.

ஸ்பென்சர் பிறந்தது 1894 ஜூலை 19-ல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஹௌலண்ட் என்ற சிற்றூரில். காடும் மர ஆலையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பிள்ளையை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தை, மாமாவைத்தான் பையன் அப்பா அம்மாவாக நினைத்து வளர்ந்தான். ஏழு வயதில் அந்த மாமாவும் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. நூல்கண்டுக் கட்டை செய்கிற ஆலையில் வேலை, பொழுது விடியும் முன்பே போனால் இருட்டிய பிறகுதான் வீடு.

பதினாறு வயதில் பக்கத்து காகித ஆலைக்கு மின்சாரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டார். அந்தப் பகுதியில் கரண்ட் என்றால் என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம், இவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒயரிங் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். செய்து பார்த்து, தப்புப் பண்ணி, திருத்தி, வேலை முடியும்போது ஒரு தேர்ந்த எலக்ட்ரீஷியனாக வெளியே வந்தார்.

1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, கடைசி வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒயர்லெஸ் ஆபரேட்டர்களின் கதை உலகம் முழுக்கப் பரவியது. அதைப் படித்துவிட்டு ஒயர்லெஸ் கற்றே தீருவது என்று முடிவெடுத்து, பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தார். ராத்திரி காவல் வேலையில் நிற்கும்போது பாடப்புத்தகங்களை வரவழைத்துத் தனியாகப் படித்தார். கணிதம், வேதியியல், இயற்பியல், உலோகவியல் எல்லாமே அப்படிப் படித்ததுதான். நமக்கு யூனிட் டெஸ்டுக்கு முந்தின நாள் ராத்திரி அஞ்சு யூனிட்டு ஓட்டறது ஞாபகம் வருது, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அவரை யாரும் டெஸ்ட் வைக்கலை.

1920-களில் ரேதியான் என்ற கம்பெனிக்கு வந்தார். அப்போது அது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரேடியோ வால்வு செய்கிற சின்ன கம்பெனி. வெற்றிடக் குழாய் விஷயத்தில் ஸ்பென்சர் கை வைத்தால் வேலை செய்யும் என்ற பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பக்கத்திலேயே எம்.ஐ.டி. பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் இவரிடம் வந்து சந்தேகம் கேட்கிற அளவுக்கு.

அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம் சமையலறையில் நடக்கவில்லை, போரில்தான் நடந்தது. 1940 தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்ற இருவர் கேவிட்டி மேக்னெட்ரானை உருவாக்கியிருந்தார்கள். உள்ளங்கையில் வைக்கிற அளவு செம்புக் கட்டி, அதைச் சுற்றிக் குழிகள், நடுவில் கேத்தோடு, மேலும் கீழும் காந்தம். கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தால் வளைந்து சுழன்று அந்தக் குழிகளைக் கடக்கும்போது, புல்லாங்குழல் துளையில் காற்று படுகிற மாதிரி, உள்ளே மைக்ரோவேவ் அலைகள் எழும். விமானத்திலேயே ஏற்றிவிடக்கூடிய சின்ன ரேடார் இதனால்தான் சாத்தியமானது. கடலுக்கு மேலே தலையைக் காட்டும் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைக்கூட அதனால் கண்டுபிடிக்க முடிந்தது. ஜெர்மனி குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம், பிரிட்டனால் தனியாக இதை ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது. 1940 செப்டம்பரில் ஒரு மேக்னெட்ரானைப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆனால் செய்வது பெரும்பாடு. திடமான செம்புக் கட்டியைத் துல்லியமாகக் குடைய வேண்டும். ரேதியானில் ஒரு நாளைக்கு 17-தான் வந்தது. ஸ்பென்சர் வேறு வழி சொன்னார்: கட்டியைக் குடையவே வேண்டாம், மெல்லிய செம்புத் தகடுகளை அதே வடிவத்தில் பிரஸ்ஸில் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, உலையில் வைத்து ஒட்டிவிடலாம். திறமையான மெஷினிஸ்ட் பல நாள் செய்கிற வேலையைப் பழக்கமில்லாத தொழிலாளிகளே செய்ய முடிந்தது. எண்ணிக்கை நாளைக்கு 2,600 வரை ஏறியது. மெக்கானிக்கல்காரங்க இந்த இடத்துல கொஞ்சம் காலரைத் தூக்கிக்கலாம். இது எலக்ட்ரானிக்ஸ் பிரச்சினையே இல்ல, புரொடக்‌ஷன் பிரச்சினை. அமெரிக்கக் கடற்படை அவருக்கு உயர்ந்த விருது ஒன்றைக் கொடுத்தது இதற்காகத்தான், அடுப்புக்காக அல்ல.

போர் முடிகிற தறுவாயில், 1945-ல், ஓடிக்கொண்டிருந்த மேக்னெட்ரான் பக்கத்தில் நின்றபோது அவர் பாக்கெட்டில் இருந்த கடலை மிட்டாய் பார் உருகிக் கூழாகிவிட்டது. மத்தியானத்தில் அணில்களுக்குப் போடுவதற்காக அதை வைத்திருந்தார் என்று அவருடைய பேரன் சொல்லியிருக்கிறார். ரேடார் கருவி பக்கத்தில் சூடு தெரிவது மற்ற இன்ஜினியர்களுக்கும் பழகிப்போன விஷயம்தான். ஸ்பென்சர் அதோடு விடவில்லை. சோளத்தை வாங்கிவரச் சொல்லி மேக்னெட்ரான் முன்னால் வைத்தார், பொரிந்து அறை முழுக்கச் சிதறியது. அடுத்து முட்டை. எட்டிப் பார்த்த ஒரு சக ஊழியர் முகத்தில் அது வெடித்தது.

ஏன் வெடிக்குது? மைக்ரோவேவ் அலை பட்டதும் தண்ணீர் மூலக்கூறுகள் வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை திசை மாறி அசைய முயற்சி பண்ணும், அந்த அசைவுதான் சூடு. முட்டைக்குள்ள உள்ள ஈரம் நீராவியா மாறி, வெளியே போக வழி இல்லாம அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும். அவிச்சு தோல் உரிச்ச முட்டையும் அப்படித்தான், லேசா தொட்டாலே போதும். அதனால முட்டை மாஸுக்கு முட்டையை முதல்ல துண்டு போட்டுட்டு அப்புறம் சூடு பண்ணுங்க.

1945 அக்டோபர் 8-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950 ஜனவரியில் கிடைத்தது. நடுவில் 1949-ல் இன்னொன்றும் வாங்கினார். சோளக்கதிரைப் பைக்குள் வைத்து, பையோடு அப்படியே பொரிக்கிற முறை. இன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிற மைக்ரோவேவ் பாப்கார்ன் பாக்கெட்டுக்கும், டப்பாவோடு சூடு பண்ணிச் சாப்பிடுகிற ரெடிமேட் சாப்பாட்டுக்கும் அந்தப் பையைத்தான் மூதாதை என்று நான் சொல்வேன்.

இத்தனைக்கும் கம்பெனி அவருக்குத் தந்தது இரண்டு டாலர். ரேதியானில் யார் என்ன கண்டுபிடித்தாலும், உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததற்கு அடையாளமாகத் தருகிற தொகை அது. ராயல்டி ஒரு காசு கிடையாது. பாவம் என்று முழுசாகச் சொல்லவும் முடியாது, பின்னால் சீனியர் வைஸ் பிரசிடெண்ட் ஆனார், இயக்குநர் குழுவிலும் உட்கார்ந்தார், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இருந்தாலும் அந்த ரெண்டு டாலர் எனக்கு உறுத்துது. பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டர்ல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கிற அந்த வரியை இப்பதான் நான் படிக்கிறேன்.

1947-ல் விற்பனைக்கு வந்த முதல் ரேடாரேஞ்ச் அடுப்பு ஆறடி உயரம், சுமார் 340 கிலோ, மேக்னெட்ரானைக் குளிர்விக்கத் தனியாகத் தண்ணீர்க் குழாய் வேண்டும். ஹோட்டல், கப்பல், ரயில் சமையலறைகளுக்குத்தான் ஆகும். இறைச்சி வெந்தது, ஆனால் மேலே சிவக்கவில்லை. சமையல்காரர்களுக்குப் பிடிக்கவே இல்லை. 1955-ல் டப்பன் நிறுவனம் வீட்டுக்கென்று கொண்டுவந்த அடுப்பு 1,295 டாலர், அதையும் அதிகம் பேர் வாங்கவில்லை. 1967-ல் அமானா நிறுவனம் மேசை மேல் வைக்கிற அளவில் 495 டாலருக்கு விட்டதும்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஸ்பென்சர் அதைப் பார்த்துவிட்டார். 1970 செப்டம்பர் 8-ல் 76 வயதில் காலமானார்.

எங்க ரூம் அடுப்பு இன்னும் ஓடுது. அது 2.45 ஜிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவு வலையில இருக்கிற ஓட்டை அதைவிட ரொம்பச் சின்னது, அதான் அலை வெளியே வராது. எவர்சில்வர் டிபன் பாக்ஸை உள்ள வச்சா அலை திரும்பிடும், சோறு சூடாகாது, ஓரத்துல பொறி வேற பறக்கலாம். அம்மா கொடுத்துவிட்ட டப்பாவை ஓரமா வச்சுட்டு, அடியில முக்கோணத்துக்குள்ள 5 போட்டு, மைக்ரோவேவுக்கு ஆகும்னு எழுதியிருக்கிற பிளாஸ்டிக் டப்பாவோ கண்ணாடிக் கிண்ணமோ எடுத்துக்குவோம். மூடியை லேசா திறந்து வச்சு, கடையில வாங்கின உப்புமா மிக்ஸ், ரெண்டு பங்கு தண்ணி, பாதியில ஒரு தடவை கிளறி, மொத்தம் நாலு நிமிஷம். அப்பளத்துக்கு எண்ணெயே வேண்டாம், ஒரு நிமிஷத்துக்குள்ள பொரிஞ்சிடும். அரியர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாங்க சாப்பிட்டது அதுதான். மேக்னெட்ரான் கேள்வி பதினாறு மார்க்குக்கு வந்தது.