ஆடம்ஸ் பவுண்டன்: அந்த ஆடம் யார்?

கோடை விடுமுறைக்கு ஊட்டி போய்வந்த குடும்பங்களின் படங்களில் சேரிங் கிராஸ் நீரூற்று கட்டாயம் இருக்கும். அதன் அடுக்குகளையும் சிற்பங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் பைபிளில் வரும் ஆதாம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் சென்னை மாகாண கவர்னராக ஐந்தே மாதம் இருந்து, ஊட்டியிலேயே இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடம்.

ஆடம் பிறந்தது 1823 செப்டம்பர் 14. சொந்த ஊர் ஸ்காட்லாந்தில் உள்ள பிளேர் ஆடம். குடும்பமே கட்டடக் கலைக்குப் பெயர் போனது. கொள்ளுத் தாத்தா ஜான் ஆடமும் அவர் தம்பி ராபர்ட் ஆடமும் பிரிட்டனில் பெரிய மாளிகைகள் கட்டியவர்கள். ராபர்ட் வகுத்த கட்டட அழகு இன்றும் ஆடம் பாணி என்றே சொல்லப்படுகிறது. தந்தை சார்லஸ் ஆடம் கடற்படை அட்மிரல். பெரியப்பா ஜான் ஆடம், இவர் பிறந்த அதே 1823-ல் கல்கத்தாவில் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்தவர்; பத்திரிகைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்ததால் அந்தப் பெயர் இந்திய வரலாற்றில் நிற்கிறது.

கேம்பிரிட்ஜில் படித்து, சட்டமும் முடித்த வில்லியம், 1853-ல் பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராக இந்தியா வந்தார். எல்பின்ஸ்டன் அதற்கு முன் சென்னை கவர்னராக இருந்தவர். ஊட்டிக்கு அருகே கேத்தியில் மாளிகை அமைத்து வாழ்ந்தவர். 1857 கலகத்தின் பதற்றமான மாதங்களில் பம்பாய் அரசு எப்படி நடந்தது என்பதை ஆடம் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1858-ல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டே பாராளுமன்ற உறுப்பினரானார். 1880 வரை அந்தத் தொகுதி அவர் கையில்தான் இருந்தது.

அவர் மேடைப் பேச்சால் பெயர் வாங்கியவர் அல்ல. 1874 முதல் 1880 வரை லிபரல் கட்சி எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் தலைமைக் கொறடா. உறுப்பினர்களைக் கட்டிக் காப்பது, வேட்பாளர் தேடுவது, தேர்தலுக்கு ஆயத்தம் செய்வது என்று வெளியே தெரியாத வேலைகளெல்லாம் அவர் தலையில். 1880 தேர்தலில் கட்சி பெரும் வெற்றி பெற்று கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமரானபோது, அந்த வெற்றிக்குப் பின்னால் ஆடமின் உழைப்பு இருந்தது.

இரண்டு முறை அவர் வகித்த இன்னொரு பதவியும் கவனிக்கத் தக்கது. 1873-லும் 1880-லும் அவர் பொதுப்பணிகளுக்கான முதல் ஆணையர். லண்டனின் அரசுக் கட்டடங்களையும் அரச பூங்காக்களையும் பராமரிக்கும் துறை அது. பின்னாளில் ஒரு நீரூற்றுக்குப் பெயராகப் போகிறவர், உயிரோடு இருந்தபோது பொதுச் சொத்துகளின் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தார்.

1880 டிசம்பர் 20-ல் சென்னை கவர்னராகப் பொறுப்பேற்றார். 1876 முதல் 1878 வரை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத நேரம் அது. நமக்கு மேலே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அப்போது கட்டி முடித்து அதிக ஆண்டு ஆகாத புது அணை. கோடையில் அரசு ஊட்டிக்கு இடம் மாறுவது வழக்கம். ஆடமும் மலை ஏறினார். 1881 மே 24 அன்று, விக்டோரியா ராணியின் பிறந்த நாளில், 57 வயதில் அங்கே காலமானார். ஊட்டி செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஐந்து மாதத்தில் பெரிய சாதனை செய்ய நேரமில்லை. ஆனாலும் மக்களிடம் நன்கொடை திரட்டி 1886-ல் அவர் நினைவாக நீரூற்று எழுப்பினார்கள். முதலில் வேறோர் இடத்தில் இருந்தது, பிறகு சேரிங் கிராசுக்கு வந்தது.

குறுகிய காலமே பதவியில் இருந்தவரை ஊர் நெடுங்காலம் நினைப்பது ஏரலுக்குப் புதிதல்ல. சேர்மன் பதவியில் இருக்கும்போதே 1908-ல் இளம் வயதில் மறைந்த அருணாசல சுவாமியை, ஆற்றங்கரையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இன்றும் ஆயிரக்கணக்கானோர் தேடி வருகிறார்கள். அது பக்தி, அங்கே நினைவை மக்கள் தாமே காக்கிறார்கள். நீரூற்றுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அதற்கு வேண்டியது ஆளும் பணமும்.

நீரூற்று என்பது சிலையைப் போல ஒருமுறை வைத்துவிட்டு விடக்கூடியது அல்ல. தண்ணீரில் உள்ள உப்பு குழாய் வாயை அடைக்கும். பாசி படியும். கசிவு அடித்தளத்தை அரிக்கும். தண்ணீர் நின்றுபோனால் தொட்டி குப்பைத் தொட்டியாகிவிடும். இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது, விழா வரும்போது பளபளவென்று பெயின்ட் அடிப்பது. கல் சிற்பத்தின்மேல் எனாமல் பெயின்ட் ஏற ஏற உள்ளே ஈரம் சிக்கி, கல் பொருக்குப் பொருக்காக உதிரும். மூக்கும் விரல்களும் மழுங்கிப்போகும்.

சரியான வழிக்கு ஆடம் வேலை பார்த்த பம்பாயிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1864-ல் அமைந்த பிளோரா பவுண்டனை அண்மையில் சீரமைத்தபோது, பல ஆண்டுகளாக ஏறியிருந்த பெயின்ட் அடுக்குகளை நீக்கிக் கல்லின் இயல்பான முகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019-ல் மீண்டும் தண்ணீர் பாய்ந்தது. வரிசை இதுதான்: முதலில் இருக்கும் நிலையைப் படமெடுத்துப் பதிவு செய்வது, அடுத்து குழாயும் வடிகாலும், பிறகு அடித்தளம், கடைசியில்தான் சிற்பம்.

நம் பக்கத்திலும் பழைய கல் தொட்டி, சுமைதாங்கி, மண்டபம், படித்துறை என்று சீரமைக்க வேண்டியவை உண்டு. எதையாவது கையில் எடுத்தால் திறப்பு விழாச் செலவுக்கு முன் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகையை ஒதுக்குவோம். மாதம் ஒருமுறை பார்த்து வர ஒருவரைப் பொறுப்பாக்குவோம். 1886-ல் நன்கொடை கொடுத்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சேரிங் கிராசில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்பது, அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கையில்தான் இருக்கிறது.