அப்பாவின் கடனால் புத்தகங்களை விற்ற சிறுவன்... 1 ஷில்லிங்குக்கு நாவல் தந்த டிக்கன்ஸ்!

நீங்கள் திரும்பத் திரும்பப் படித்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய், நீங்களே பழைய புத்தகக் கடையில் போட்டுட்டு வரணும்னு வீட்டில் சொன்னால் எப்படி இருக்கும்? சார்லஸ் டிக்கன்ஸுக்கு அது சின்ன வயதிலேயே நடந்தது.

1812 பிப்ரவரி 7-ம் தேதி, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். அப்பா ஜான், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் கிளார்க். வருமானம் ஓரளவு இருந்தது, செலவுதான் கைமீறிப் போச்சு. சாத்தம் என்ற ஊரில் இருந்தபோது வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை, அதில் அப்பா சேர்த்த புத்தகங்கள். ராபின்சன் க்ரூசோ, டான் குயிக்ஸாட், அரேபிய இரவுக் கதைகள்... பையன் அந்த அறையே கதியென்று கிடந்தான்.

பிறகு குடும்பம் லண்டனுக்கு வந்தது, கடன் முற்றியது. வீட்டுச் சாமான்களில் முதலில் வெளியே போனவை அந்தப் புத்தகங்கள்தான். ஹாம்ப்ஸ்டெட் ரோட்டில் இருந்த புத்தகக் கடைக்கு அவற்றைக் கொண்டுபோய் விற்கும் வேலை சார்லஸுக்கு. அதுவும் போதவில்லை. 1824 பிப்ரவரியில், ஒரு பேக்கரிக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு கடனுக்காக அப்பாவை மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். 12 வயது சார்லஸ் ஷூ பாலிஷ் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். சம்பளம், வாரம் 6 ஷில்லிங்.

இந்த 6 ஷில்லிங்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தக் காலத்தில் ஒரு புது நாவல் வழக்கமாக 3 பாகங்களாக வரும், விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். லேபிள் ஒட்டும் பையன் 5 வாரச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் ஒரு நாவல் வாங்க முடியாது! ஓரளவு வசதியானவர்களே சந்தா கட்டி, லைப்ரரியில் எடுத்துத்தான் படித்தார்கள்.

அந்தக் கணக்கு 1836-ல் மாறியது. டிக்கன்ஸுக்கு அப்போது வயது 24, பத்திரிகை நிருபர். சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம், ஓவியர் ராபர்ட் சீமோரின் படங்களுக்குக் கதை எழுதும் வேலையைக் கொடுத்தது. அதுதான் ‘பிக்விக் பேப்பர்ஸ்’. பச்சை நிற மெல்லிய அட்டை, 32 பக்கம், கூடவே படங்கள். மாதம் ஒரு பகுதி, விலை 1 ஷில்லிங். இரண்டாவது பகுதி வரும் முன்பே சீமோர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்து வந்த பஸ் என்ற ஓவியர் வரைந்த 2 படங்கள் பிடிக்காமல் அவரையும் மாற்றினார்கள். ஆரம்பத்தில் விற்பனை ரொம்ப சுமார். நாலாவது பகுதியில் சாம் வெல்லர் என்கிற வேலைக்காரன் பாத்திரம் நுழைந்தது, அப்புறம் வேற லெவல். கதை முடியும்போது மாதம் 40,000 பிரதிகள் போனது. வெப் சீரிஸின் அடுத்த எபிசோடுக்கு நீங்க காத்திருக்கீங்கல்ல, அதே ஏக்கம்தான்.

படித்து முடித்தவர்கள் பகுதிகளைச் சேர்த்து பைண்டு பண்ணினார்கள். பச்சை அட்டையையும் விளம்பரத் தாள்களையும் குப்பையில் போட்டார்கள். இன்றைக்கு சேகரிப்பாளர்கள் தேடித்தேடிக் காசைக் கொட்டுவது அந்தக் குப்பைக்குத்தான்! அட்டை, விளம்பரம் எதுவும் கிழியாத செட் என்றால் விலை எங்கேயோ போகும். பஸ் வரைந்த, பின்னால் தூக்கி எறியப்பட்ட அந்த 2 படங்களும் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

1843 டிசம்பரில் வந்த ‘கிறிஸ்துமஸ் கரோல்’ வேறு மாதிரி. கைகளால் வண்ணம் தீட்டிய படங்கள், தங்க நிற ஓரம், அப்படியும் விலை 5 ஷில்லிங்தான். 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தன. ஆனால் 1,000 பவுண்டு எதிர்பார்த்த டிக்கன்ஸுக்கு முதலில் கிடைத்தது 230. தயாரிப்புச் செலவே லாபத்தைத் தின்றுவிட்டது. போதாக்குறைக்கு ஒரு கும்பல் கதையைத் திருடி மலிவாக வெளியிட்டது. கேஸ் போட்டார், ஜெயித்தார். எதிராளி திவாலானதால் 700 பவுண்டு கோர்ட் செலவு இவர் தலையில்! அப்படியும் விலையைக் குறைக்கும் யோசனையை விடவில்லை. 1847-ல் தன் பழைய நாவல்களை வாரம் ஒன்றரை பென்னிக்குக் கொண்டுவந்தார்.

வீட்டுக்குள் அவரை ஹீரோ ஆக்க முடியாது. 10 பிள்ளைகள் பெற்ற மனைவி கேத்தரினை 1858-ல் பிரிந்தார், அதைத் தன் பத்திரிகையிலேயே அறிக்கையாகவும் போட்டார். வாசகர்களிடம் காட்டிய கனிவில் கொஞ்சம் அங்கே காட்டியிருக்கலாம்.

சின்ன வயதில் அப்பாவோடு நடக்கும்போது ஏக்கமாகப் பார்த்த கேட்ஸ் ஹில் வீட்டை, 1856-ல் சொந்தமாக வாங்கினார். அங்கே அவர் படிப்பறைக் கதவில்கூட புத்தக வரிசை, அத்தனையும் டம்மி. பூனையின் வாழ்க்கைகள் என்று ஒரு தலைப்பு, மொத்தம் 9 தொகுதிகள். ஆங்கிலேயர்கள் கணக்கில் பூனைக்கு 9 உயிராச்சே!

அந்த வீட்டில்தான் 1870 ஜூன் 9-ல் இறந்தார். எழுதிக்கொண்டிருந்த ‘எட்வின் ட்ரூட்’ ஒரு மர்மக் கதை. 12 மாதப் பகுதிகளாகத் திட்டமிட்டது, கையெழுத்துப் பிரதி இருந்தது 6 பகுதிகளுக்கு மட்டும். அதனால், சேகரிப்பாளர்களிடம் ட்ரூட் முழு செட் என்று கேட்டால், 6 பச்சை அட்டைகளைத்தான் எடுத்துத் தருவார்கள். ட்ரூட் என்ன ஆனான் என்பது அவற்றில் இல்லை.