மணலோடு மல்லுக்கு நின்ற மனிதர்: சர் ஆர்தர் காட்டன்



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறேன் என்றதும், விஸ்வேஸ்வரய்யா, கலாம் என்று நண்பர்கள் ஒரு பட்டியலே நீட்டினார்கள். நான் எடுத்துக்கொண்டதோ ஒரு வெள்ளைக்காரரை! ஏன் என்று கேட்கிறீர்களா? முதலில் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். ஒரு பக்கம் ஒரகடம் கம்பெனிகள், இன்னொரு பக்கம் தாம்பரம். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் எங்கள் ஊரும் ஒன்று. எங்கள் ஏரியின் உபரி நீர்தான் அடையாற்றில் போய்ச் சேருகிறது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் எங்கள் ஊர் ஏரியில்தான். பெருமைக்குக் குறைச்சல் இல்லை!

ஆனால் எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் வரும் சின்ன வாய்க்கால் வேறு கதை. கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கிறது. அப்பா மூன்று முறை மனு கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் இது எங்க வேலை இல்லேன்னு சொல்லிட்டாங்க. அடுத்த அலுவலகத்தில் நிதி வரட்டும் பார்க்கலாம் என்றார்கள். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா என்னைக் கேட்டார், நீ சிவில்தானே படிக்கிற, கட்டினதைக் காப்பாத்த உன் புஸ்தகத்துல பாடமே இல்லையாடா என்று. எடுத்துப் புரட்டினேன். அணை கட்டப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பராமரிப்புக்கு அரைப் பக்கம்தான்! வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனபோது கிடைத்தவர்தான் காட்டன்.

1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர் அவர். பதினைந்து வயதில் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். நாம் பத்தாவது முடித்து பாலிடெக்னிக் வருகிற வயசு! 1821-ல், பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்து இறங்கினார். ஏரி மராமத்து வேலை, பாம்பன் கடல்வழி அளவெடுப்பு, பர்மா யுத்தம் என்று சில ஆண்டுகள் ஓடின. 1820-களின் கடைசியில் காவிரிப் பாசனம் அவர் பொறுப்புக்கு வந்தது.

அப்போது தஞ்சை விவசாயிகளின் நிலைமை என்ன தெரியுமா? முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. காவிரியிலோ வருஷத்துக்கு வருஷம் மணல் ஏறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது, வயல் காய்ந்தது. ஆள் வைத்து மணலை அள்ளினாலும் அடுத்த வெள்ளத்தில் பழையபடி நிரம்பிவிடும். நிலவரி வாங்குவதில் கம்பெனி சர்க்கார் காட்டிய சுறுசுறுப்பு மராமத்துக்குப் பணம் ஒதுக்குவதில் இல்லை.

காட்டன் என்ன செய்தார்? நேராகக் கல்லணைக்குப் போய் அதன் அடித்தளத்தை ஆராய்ந்தார். பாறை கிடையாது, வெறும் மணல்! அதன்மேல் கல்லைப் போட்டு அமிழவிட்டு, களிமண் சேர்த்து நம் முன்னோர்கள் எழுப்பியிருந்தார்கள். மணல் படுகையில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதை இந்த நாட்டு ஜனங்களிடம்தான் கற்றேன் என்பதை அவர் மறைக்கவே இல்லை. கல்லணையில் தேங்கும் மணலை வெளியேற்ற மணற்போக்கிகள் அமைத்தார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை, கீழே அணைக்கரையில் கீழணை. 1836-ல் இரண்டும் முடிந்தன. காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது.

அதோடு கதை முடியவில்லை. இப்போது காவிரியில் வேகம் கூடி, படுகை அரிக்க ஆரம்பித்தது! 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பிலும் தடுப்பு போட வேண்டியிருந்தது. ஆற்றில் கட்டியவன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அடுத்து கோதாவரி. பஞ்சத்தில் வாடிய அந்த டெல்டாவுக்காக 1847-ல் தவளேஸ்வரத்தில் வேலையைத் தொடங்கி, 1852-ல் அணையை முடித்தார். பிறகு விஜயவாடாவில் கிருஷ்ணா அணை. அங்கே விவசாயிகள் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள்.

அவரை மகான் ஆக்க நான் வரவில்லை. அவர் கம்பெனியின் ஆள்தான். ஒரு ரூபாய் செலவழித்தால் எத்தனை ரூபாய் வரி திரும்பும் என்று கணக்குக் காட்டித்தான் பணம் வாங்கினார். அவர் முன்னின்று ஆதரித்த கர்னூல்-கடப்பா கால்வாய் நஷ்டத்தில் முடிந்து ஏளனமும் வாங்கித் தந்தது. ஆனாலும் ரயிலுக்குக் கோடி கோடியாகக் கொட்டும் சர்க்கார் வாய்க்காலை மறப்பதா என்று ஓய்வுக்குப் பிறகும் விடாமல் வாதாடினார். 1878-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு முன் உட்கார்ந்து பதில் சொன்னபோது அவருக்கு வயது 75. 1899 ஜூலை 24 அன்று, 96 வயதில் காலமானார்.

அவர் அணை கட்டிய அதே முக்கொம்பில், 2018 ஆகஸ்ட் 22 இரவு என்ன நடந்தது? கொள்ளிடம் கதவணையின் மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. மேட்டூர் நிரம்பிய வருஷத்தில் தண்ணீர் கடலுக்கு ஓடியது. பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டினார்கள். இடிந்தபின் கட்டப் பணம் வருகிறது. இடியாமல் காக்கத்தான் வருவதில்லை என்று விவசாயி நினைத்தால் தப்பா?

நண்பர்களே! நம்மில் பாதிப் பேர் ஒரகடத்துக்குப் போவோம். சில பேர் பரீட்சை எழுதி ஓவர்சீயராகப் போய் மேஜைக்குப் பின்னால் உட்காருவோம். ஒருநாள் அழுக்கு வேட்டியோடு ஒரு பெரியவர் மனுவோடு வந்து நிற்பார். அவர் என் அப்பாவாகவும் இருக்கலாம், உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம். அவரை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பாமல், எழுந்து அவரோடு வாய்க்கால் கரைக்கு ஒரு நடை போய் வருவோமா? காட்டன் முதலில் செய்ததும் அதுதான். போய்ப் பார்த்தார்.

— இறுதியாண்டு சிவில் மாணவன், மணிமங்கலம்