சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பார்வைக்கு அழகானவை. ஆனால், மழை பெய்த காலை வேளையில் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்குவது எளிதன்று. கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிடலாம். அப்படி அடிபட்டவரைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், முதலில் ஊடுகதிர்ப் படம் எடுப்பார்கள். எலும்பு விலகியிருந்தால் அதை நேராக்கி மாவுக்கட்டுப் போடுவார்கள்.

மாவுக்கட்டுதான் எலும்பை ஒட்ட வைக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. எலும்பு உயிருள்ள உறுப்பு. அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் அங்கு மென்மையான திசு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துச் சேர்ந்து கெட்டியான எலும்பாகிறது. அதுவரை எலும்பு அசையாமலும் கோணாமலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் கட்டு.

முதுகெலும்பு முறிந்தால் நிலைமை வேறு. அதன் நடுவே தண்டுவடம் என்னும் நரம்புக் கற்றை ஓடுகிறது. மூளையின் கட்டளைகளைக் கைகால்களுக்குக் கொண்டு செல்வது அதுவே. எலும்பு மீண்டும் கூடிவிடும். ஆனால், அறுந்த தண்டுவடம் எலும்பைப் போல் கூடுவதில்லை. அப்படிப்பட்டவரின் வாழ்க்கை அத்தோடு முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

மேரி 1925ஆம் ஆண்டு கேரளத்தின் செராய் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். மருத்துவராக வேண்டும் என்ற ஆவலுடன் தமிழ்நாட்டின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடித்து, அங்கேயே மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் பணியாற்றினார்.

1954ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒருநாள், மேரி இளம் மருத்துவர்கள் சிலருடன் வண்டியில் வெளியூர் புறப்பட்டார். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்து ஆறாத தழும்பு விழுந்தது. அதைவிடக் கொடியது முதுகில் ஏற்பட்ட காயம். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமற் போயின. பல மாதங்கள் படுக்கையிலேயே கழிந்தன. அறுவைச் சிகிச்சைகள் பல செய்தும் கால்கள் மீளவில்லை. நோயாளிகளைத் தேடி நடந்த மருத்துவர், புரண்டு படுக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நோயாளியானார். மனம் சோர்ந்தார்.

அந்த வேளையில் அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்து வந்தார். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரிக்குக் கால்கள்தாம் போயின. கைகளும் கல்வியும் இருந்தன. இதை உணர்ந்த பிராண்ட், அறுவைச் சிகிச்சை மருத்துவராகுமாறு மேரியை ஊக்கினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அத்தொழிலைக் கற்றார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கத் தொடங்கினார். ஊரார் ஒதுக்கிய அந்நோயாளிகள், தம்மைப் போலவே உடல் நலிந்தும் உழைக்கும் ஒரு மருத்துவரைக் கண்டு நம்பிக்கை பெற்றனர்.

பின்னர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பழகினார். தமக்குக் கிடைத்த இந்தப் பயிற்சி, தம்மைப் போன்ற மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். ஆகவே, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். சக்கர நாற்காலியிலேயே கடல் கடந்து சென்று, சிறப்பு மருத்துவராகத் தாயகம் திரும்பினார்.

1963ஆம் ஆண்டு வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் சாலை விபத்தில் சிக்கியவர்களும் அத்தகைய பயிற்சியால் பயன் பெறுவோர் ஆவர். படுக்கைப் புண் வராமலிருக்க உடலை அடிக்கடித் திருப்ப வேண்டும். தோள்களையும் கைகளையும் வலுவாக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறப் பழக வேண்டும். உட்கார்ந்தே செய்யக்கூடிய தொழில் ஒன்றைக் கற்க வேண்டும். காயம் ஆறுவதோடு மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. காயம்பட்டவர் வீடு திரும்பி வாழத் தொடங்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது. மேரியின் பணி உணர்த்தியது இதையே.

1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1986ஆம் ஆண்டு திசம்பர் மாதம் அவர் மறைந்தார். பாகாயத்தில் உள்ள நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே, மேரியின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்திலோ முதுகிலோ கடும் வலி இருந்தால், கால்கள் மரத்துப்போனால், அவரைக் கையும் காலுமாகத் தூக்கிச் செல்லக் கூடாது. முறிந்த எலும்பு நகர்ந்து, நலமாயிருக்கும் தண்டுவடத்தையும் சிதைத்துவிடலாம். அவரை அசையாமல் படுக்க வைத்து, 999 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்க வேண்டும். தோட்டச் சரிவில் ஒருவர் விழும்போது, ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் துடிக்கும். அந்த வேளையில் பொறுமையாக அவருகில் அமர்ந்து துணையிருப்பதே அவருக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.

ஒருவேளை அவர் மீண்டும் நடக்க இயலாமற் போனாலும், அவருக்குச் செய்ய வேண்டிய பணி பல உண்டு. வீட்டு வாசற்படிக்கு அருகில் ஒரு சாய்தளம் அமைக்கலாம். பள்ளிக்கும் வேலைக்கும் செல்ல வழி செய்யலாம். எலும்பு கூடுவதற்குச் சில வாரங்கள் போதும். மனிதர் மீண்டெழுவதற்குச் சுற்றியிருப்போரின் கைகளும் வேண்டும்.