மரநிழலில் பிறந்த மன்றம்

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பண்டிதனுக்குத் துடுப்பாட்டத்தோடு என்ன உறவு என்று என் மாணவர் சிலர் வினவுவதுண்டு. உறவு உண்டு. அட்டனை அடுத்த தோட்டமொன்றில் லயத்துப் பிள்ளையாக வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்தருகே துரைமாரின் விளையாட்டுத் திடல் ஒன்று இருந்தது. வெள்ளையர் போய்விட்ட பின்னும் துரை என்ற சொல்லும் போகவில்லை. திடலைச் சூழ்ந்த வேலியும் போகவில்லை. வேலி தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் விழும் பந்தைத் தேடியெடுத்து எறிவது எங்கள் பணி. எறிந்த பின் வேலிக்கு இப்பால் நின்றுவிட வேண்டும். அத்திடலை மண் வெட்டிச் சமன் செய்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். உருளை இழுத்த கதையை மழைக்கால இரவுகளில் அவர் சொல்வார். ஆடிய கதை சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை.

அவ்வேலியை எண்ணும்போதெல்லாம், கடலுக்கு அப்பால் சென்னையில் வாழ்ந்து மறைந்த ஒருவர் என் நினைவுக்கு வருவார். அவர்தாம் புச்சி பாபு நாயுடு. மோத்தவரபு வேங்கட மகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவர். ஆயினும் அவர் வரலாற்றை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

இவ்வாட்டம் ஆங்கிலேயரோடு நம் நாடுகளுக்கு வந்தது. சென்னையில் 1846 ஆம் ஆண்டில் அவர்கள் தமக்கென ஒரு கழகம் நிறுவினர். பின்னர் சேப்பாக்கம் திடல் அதன் இருப்பிடமாயிற்று. நம் மலைநாட்டிலும் தேயிலை தழைக்குமுன்னரே, கோப்பிக் காலத்திலேயே, திம்புளையில் 1856 இலும் டிக்கோயாவில் 1868 இலும் துரைமாரின் கழகங்கள் தோன்றிவிட்டன. காடழித்துத் தோட்டம் அமைத்த கைகள் தமிழருடையவை. விளையாட்டு மட்டும் துரைமாருக்கு உரியதாயிருந்தது.

டிக்கோயாக் கழகம் தோன்றிய அதே 1868 இல் பிறந்தவர் புச்சி பாபு. அவருடைய குடும்பம் பாரி கம்பெனிக்குத் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம். துபாஷ் என்பவர் வெள்ளை வணிகருக்கும் நாட்டு மக்களுக்கும் நடுவே நின்று மொழியாலும் பொருளாலும் வணிகத்தை நடத்திக் கொடுப்பவர். மயிலாப்பூரில் லஸ் இல்லம் என்ற பெருமனையில் புச்சி பாபு வளர்ந்தார். ஆங்கிலேயரின் பழக்க வழக்கங்களோடு அவர்தம் ஆட்டமும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தது.

ஆட்டம் கைவந்தது, அரங்கம் கைவரவில்லை. சேப்பாக்கத்தில் இந்தியரும் வந்து ஆடலாம். உணவு வேளை வந்தால், வெள்ளையர் மண்டபத்துக்குள் சென்று உண்பர். இந்தியர் வெளியே மரநிழலில் அமர்ந்து உண்ண வேண்டும். பந்தின் முன் ஒப்பானவர்கள் இலையின் முன் தாழ்ந்தவர்களாயினர். செல்வத்திலும் கல்வியிலும் குறைவற்ற ஓர் இளைஞரின் நெஞ்சை இது எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

மானம் சுட்டபோது மனிதர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வர்: கெஞ்சி நிற்பர், அல்லது வெறுத்து விலகுவர். புச்சி பாபு இரண்டையும் செய்திலர். தமக்கும் தம்மவர்க்கும் ஒரு கழகம் அமைத்தார். 1888 ஆம் ஆண்டில் மதராஸ் யுனைடெட் கழகம் பிறந்தது. எஸ்பிளனேடு மைதானத்தில் அதன் ஆடுகளம் அமைந்தது. அப்போது அவருக்கு அகவை இருபது. அவர் வருமானத்துக்காக ஆடியவரல்லர். கூலி பெற்று ஆடாததோடு, ஆடத் தெரிந்த ஏழை இளைஞர்க்குத் துடுப்பும் பந்தும் ஆடையும் தம் செலவிலேயே வாங்கிக் கொடுத்தார். ஒதுக்கப்பட்டோர் ஒன்றுகூடிப் பயில ஓரிடம் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

இடம் கிடைத்தது, திறமை வளர்ந்தது. அதன் பின்னரே வெள்ளையரை எதிர்கொள்ள முனைந்தார். சென்னை மாகாணத்து ஐரோப்பியரும் இந்தியரும் ஆண்டுதோறும் எதிரெதிரே நின்று ஆட வேண்டும் என்பது அவர் கனவு. ஐரோப்பியர் கழகத்தைச் சேர்ந்த பார்ட்ரிட்ஜ் என்பவரும் இதற்குத் துணை நின்றார். 1908 டிசம்பரில் முதல் ஆட்டத்துக்கு ஏற்பாடாயிற்று. ஆனால், விதி வேறு எண்ணியது. ஆட்ட நாள் அணுகிய வேளையில் புச்சி பாபு காலமானார். அகவை நாற்பதே. நட்டவர் நிழலில் அமரவில்லை; மரம் நின்றது. அவர் விரும்பிய மாகாண ஆட்டம் பின்னாளில் பொங்கல் விழாவை ஒட்டி நடைபெறும் வழக்கமாகி, 1952 வரை நிலைத்தது. அவர் மைந்தருள் ஒருவரான சி. இராமசுவாமி, 1922 இல் டேவிஸ் கிண்ண டென்னிஸிலும், 1936 இல் இங்கிலாந்துக்கு எதிரான துடுப்பாட்டத்திலும் இந்தியாவின் சார்பில் ஆடினார். புச்சி பாபு பெயரால் அகில இந்தியப் போட்டி ஒன்றும் சென்னையில் நடைபெறுவதாயிற்று.

இவ்வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் நிறுத்திவிட என் மனம் ஒப்பவில்லை. புச்சி பாபு தனித் திடல் அமைக்க முடிந்தது அவரிடம் செல்வம் இருந்தமையால். அச்செல்வமோ வெள்ளை வணிகத்தோடு பிணைந்து வந்தது. மரநிழலில் உண்டவர்க்கு அவர் மண்டபம் தந்தார். உருளை இழுத்தவர்க்கு யார் தந்தார்? எங்கள் மலைநாட்டில் லஸ் இல்லம் இல்லை. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து, கொழுந்து நிறுத்து, இருளில் லயத்துக்குத் திரும்பியவர்க்குத் திடல் வாங்கும் பொருளும் இல்லை. ஆடும் பொழுதும் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரன் முத்தையா முரளிதரன், 2010 இல் டெஸ்ட் ஆட்டங்களில் 800 இலக்குகளை வீழ்த்தி உலகை வியக்க வைத்தார். அவரும் லயத்திலிருந்து நேரே மைதானம் ஏறியவரல்லர். தந்தையார் கண்டியில் நடத்திய விசுக்கோத்துத் தொழிற்சாலையும், புனித அந்தோனியார் கல்லூரியின் திடலும் இடையே படிகளாய் நின்றன. திறமை எங்கும் பிறக்கும். படி இருக்குமிடத்தில்தான் அது ஏறும்.

என் பள்ளி மாணவர் மாலை வேளைகளில் பலகைத் துண்டைத் துடுப்பாக்கிச் சரிவான பாதையில் ஆடுகிறார்கள். ஓங்கி அடித்தால் பந்து பள்ளத்துத் தேயிலைக்குள் உருண்டு போகும்; அதைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது கழியும். ஆதலால் அடக்கி அடிக்கவே பழகியிருக்கிறார்கள். புச்சி பாபுவின் கதையை வகுப்பில் சொல்லி முடித்த அன்று, கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது என்று கேட்டான். இலக்கணத்தில் எத்தனையோ ஐயங்களைத் தீர்த்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. விடை தெரிந்தவர் எவரேனும் இதைப் படிப்பாராயின், அச்சிறுவனுக்காகவே இதை எழுதினேன் என்று கொள்க.